பேசாமல் விட்ட 320 கிலோபைட்

லினக்ஸ் இயக்குதளத்தை ஒரு மெய்நிகர் கணினியில் எழுப்பினால் முதல் சில வரிகளுக்குள் ஒரு நிலப் பட்டியல் வந்துவிடும். பயாஸ் கொடுத்த நினைவக வரைபடம் என்று அதற்குத் தலைப்பு. கடகடவென்று ஓடிப்போகும் எழுத்துகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படுவதில்லை. நிறுத்திப் படித்தால் கோயில் சுவரில் நிலதானக் கல்வெட்டைப் படிப்பது மாதிரி இருக்கும். கல்வெட்டில் கிழக்கே இந்த வாய்க்கால், மேற்கே அந்தப் பாறை என்று நாலு எல்லையும் சொல்லிவிட்டு, நடுவில் இன்னின்னது நீக்கி என்று விலக்கும் சொல்லியிருப்பார்கள். இங்கேயும் அதே கணக்குதான். இந்த முகவரியிலிருந்து இதுவரை நீ உழுதுகொள்ளலாம். இதிலிருந்து இதுவரை கை வைக்காதே.

கியூஎமு என்ற மென்பொருளின் வழக்கமான அமைப்பில் 4 ஜிபி நினைவகம் கொடுத்து எழுப்பினால் அந்தப் பட்டியல் எட்டு வரி. 0 முதல் 639 கிலோபைட் வரை பயன்படுத்தலாம். அடுத்த 1 கிலோபைட் ஒதுக்கப்பட்டது. 960 முதல் 1024 கிலோபைட் வரை ஒதுக்கப்பட்டது. 1 மெகாபைட்டிலிருந்து ஏறக்குறைய 3 ஜிபி வரை பயன்படுத்தலாம். அதன் விளிம்பில் ஒரு சின்னத் துண்டு ஒதுக்கப்பட்டது. 4 ஜிபிக்கு 16 மெகாபைட் கீழே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல வெறும் 16 கிலோபைட் ஒதுக்கப்பட்டது. 4 ஜிபியைத் தொடும் இடத்தில் 256 கிலோபைட் ஒதுக்கப்பட்டது. அதற்கு மேல் 4-லிருந்து 5 ஜிபி வரை பயன்படுத்தலாம்.

எனக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி எளிமையானது. இந்தக் கணினிக்கு உடம்பே கிடையாது. இன்னொரு கணினிக்குள் ஒரு மென்பொருள் போடும் வேஷம் அது. வெறுங்காற்றில் கட்டும் வீட்டுக்கு எதற்கு இத்தனை மேடு பள்ளம்? 0 முதல் 4 ஜிபி வரை ஒரே சமவெளியாக விட்டிருக்கலாமே?

கூடவே இன்னொன்று. 640-க்கும் 960-க்கும் இடையில் உள்ள 320 கிலோபைட்டைப் பற்றிப் பட்டியல் வாயே திறக்கவில்லை. உழலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடாமல் செய்தது அந்த மௌனம்தான். அதற்கு வருகிறேன்.

*

மேடு பள்ளத்தின் முதல் காரணம் 1970களின் கடைசியில் இருக்கிறது. இன்டெல் 8086 சில்லு 1978-ல் வந்தது; அதன் மலிவான தம்பி 8088 அடுத்த ஆண்டு. இரண்டுக்கும் முகவரிக் கம்பிகள் 20. இரண்டை இருபது தரம் பெருக்கினால் 10,48,576. அதாவது 1 மெகாபைட். அந்தச் சில்லுக்கு உலகமே அவ்வளவுதான்.

உலகத்தின் இரண்டு முனைகளையும் சில்லே தனக்கென்று எடுத்துக்கொண்டது. அடிமுனையில், 0-வில் தொடங்கும் 1 கிலோபைட்டில், குறுக்கீடுகளுக்கான 256 முகவரிகள். விசையைத் தட்டினால் எங்கே ஓடவேண்டும், கடிகாரம் துடித்தால் எங்கே ஓடவேண்டும் என்ற அட்டவணை அது. இயங்கும்போது மாற்றவேண்டியிருக்கும் என்பதால் அங்கே எழுதக்கூடிய நினைவகம் வேண்டும். மேல்முனையில் வேறு விஷயம். மின்சாரம் வந்ததும் 8088 முதன்முதலில் கண்விழிக்கும் இடம் 1 மெகாபைட்டுக்கு 16 பைட் கீழே. அப்போது நினைவகம் காலியாக இருக்கும் என்பதால் மின்சாரம் போனாலும் அழியாத ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். அதுதான் ஃபர்ம்வேர். ஆக, அழியும் நினைவகம் கீழே, அழியாத ஃபர்ம்வேர் உச்சியில் என்ற ஏற்பாடு யாரும் வரைபடம் போடுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது இடையில் இருந்ததைப் பங்கு போட்டது. 64 கிலோபைட் கொண்ட பதினாறு பாத்தி. கீழே உள்ள பத்து பயனருக்கு, அதாவது 640 கிலோபைட். மேலே ஆறு திரைக்கும், விரிவாக்க அட்டைகளுக்கும், பயாஸுக்கும். அடிப்படை மாடலில் வெறும் 16 கிலோபைட் நினைவகத்தோடு விற்ற கணினி அது. 640 என்பது அன்றைக்கு எவனும் நிரப்பமுடியாத கடல்.

பிறகு மற்றவர்கள் பிரதியெடுத்தார்கள். காம்பேக், 1984-ல் ஃபீனிக்ஸ் போன்றவர்கள் ஐபிஎம்மின் பயாஸை வரிக்கு வரி திருடாமல், அது என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்துத் தனியாக எழுதினார்கள். பயாஸின் வரிகளுக்கு உரிமை கொண்டாடலாம். அது எந்த முகவரியில் என்ன வைத்தது என்பதற்கு உரிமை கொண்டாட முடியவில்லை. குளோன்கள் பெருகப் பெருக, ஐபிஎம் ஓர் அவசரத் திட்டத்தில் பிரித்த பாத்திகள் உலகத்துக்கே பொதுவான வரப்புகளாகிப் போயின.

*

நான் இருப்பது பாலிக் புலாவ். பினாங்குத் தீவின் பின்பக்கம் என்பதுதான் மலாயில் அந்தப் பெயருக்குப் பொருள். ஜார்ஜ் டவுன்காரர்களுக்கு நாங்கள் மலைக்கு அந்தண்டை. டுரியான் காலத்திலும் லக்சா சாப்பிடவும் வருவார்கள். மலையின் மறுபக்கம் கீழே இறங்கினால் பாயான் லெப்பாஸ். இந்தக் கதையின் நடுப்பகுதி அங்கே நடந்தது.

1960களின் இறுதியில் பினாங்கு சுதந்திரத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். 1969-ல் முதலமைச்சரான லிம் சோங் இயு அமெரிக்க, ஜப்பானிய, ஜெர்மானிய நிறுவனங்களை அழைத்துவந்தார். 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக மண்டலம் திறந்தது. நெல் வயல்களாக இருந்த இடம். முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் ‘எட்டு சாமுராய்கள்’ என்பார்கள். இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், எச்பி, ஹிட்டாச்சி, பாஷ், க்ளாரியன், லிட்ரானிக்ஸ். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை இதுதான். 1975-ல் அது தீப்பிடித்து எரிந்து, மறுபடி எழுந்தது.

கலிஃபோர்னியாவில் வரைந்து செதுக்கிய சிலிக்கன் வில்லைகள் இங்கே வந்தன. அவற்றை அறுத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியால் கால்களோடு இணைத்து, பெட்டிக்குள் அடைத்து, சோதித்து அனுப்புவது இங்குள்ள பெண்களின் வேலை. பெரும்பாலும் கம்பத்துப் பெண்கள். தோட்டங்களிலிருந்து போன தமிழ்ப் பெண்களும் உண்டு. என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். எந்த ஃபேக்டரி என்பது வேண்டாம். எட்டு மணிநேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருப்பார்கள். “கண்ணு சுத்தும். வீட்டுக்கு வந்தா சோறு ரெண்டா தெரியும்” என்பார். கண்ணாடி போட்ட வயது இருபத்து நாலு. பின்னாளில் வந்த பென்டியம் சில்லுகள் பலவற்றின் தலையில் ‘மலாய்’ என்று பொறித்திருக்கும். அதைக் காட்டினால் அம்மா சிரிப்பார். தான் கம்பி கட்டிய பொருளுக்குள் என்ன இருந்தது என்று ஃபேக்டரியில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. முகவரிக் கம்பி என்றால் என்ன என்று நான்தான் ஒருநாள் சொன்னேன். “இருபது காலா? எண்ணிப் பாக்கச் சொன்னா எண்ணியிருப்பேனே” என்றார். 8088-க்கு மொத்தம் 40 கால்கள். முகவரிக்கானவை 20. அவற்றில் எட்டு, நேரம் பிரித்து, தரவையும் சுமக்கும்.

*

எட்டு வரிப் பட்டியலில் மீதி வரிகளுக்கும் இப்படியே வயது சொல்லலாம்.

1985-ல் 80386 வந்ததும் உலகம் 4 ஜிபியாக விரிந்தது. கண்விழிக்கும் இடம் புதிய உச்சிக்கு ஏறியது: 4 ஜிபிக்கு 16 பைட் கீழே. பட்டியலின் ஏழாவது வரி, அந்த 256 கிலோபைட், அங்கே உட்கார்ந்திருக்கும் ஃபர்ம்வேர். அதன் கடைசி 64 கிலோபைட்தான் பழைய உச்சியிலும், மூன்றாவது வரியில், நகலாகத் தெரிகிறது. புது வீட்டுக்குக் குடிபோன பிறகும் பழைய வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர் மாதிரி.

3 ஜிபியில் நினைவகம் நின்று, 4 ஜிபிக்கு மேல் தொடர்வது பிசிஐ அட்டைகளுக்காக. அவற்றுக்கும் முகவரி வேண்டும்; 32 பிட் எல்லைக்குள் வேண்டும். அதனால் 4 ஜிபிக்குக் கீழே ஒரு பள்ளத்தை வெட்டி அவற்றுக்குக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் 4 ஜிபி நினைவகம் வாங்கிப் போட்டும் விண்டோஸ் எக்ஸ்பி மூன்றரைகூடக் காட்டவில்லையே என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்களுக்கு இந்தப் பள்ளம் தெரியும். கியூஎமுவின் வழக்கமான கணினி 1996-ல் வந்த ஓர் இன்டெல் சிப்செட்டின் பாவனை. பள்ளமும் அப்படியே.

பட்டியல் என்ற ஏற்பாடே தாமதமாக வந்ததுதான். முதலில் பயாஸிடம் எவ்வளவு நினைவகம் என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லும். 64 மெகாபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. பள்ளங்கள் வந்த பிறகு ஓர் எண் போதவில்லை. எங்கிருந்து, எவ்வளவு, என்ன வகை என்று வரிவரியாகச் சொல்லவேண்டியிருந்தது. ஈ820 என்று அழைக்கப்படும் அந்த அழைப்பு 1990களில் வந்தது. வகை 1 என்றால் பயன்படுத்தலாம், 2 என்றால் ஒதுக்கப்பட்டது. பட்டாவும் புறம்போக்கும்.

அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ இன்னும் கெடுபிடி. வரைபடத்தைக் கேட்டு வாங்கும்போது கூடவே ஒரு சாவி எண்ணையும் கொடுக்கும். இனி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போகலாம் என்று இயக்குதளம் ஃபர்ம்வேருக்கு விடைகொடுக்கும்போது அந்தச் சாவியைத் திருப்பிக் காட்டவேண்டும். இடையில் ஒரு துண்டு நிலம் கைமாறியிருந்தால்கூட சாவி செல்லாது. மறுபடி வரைபடம் வாங்கி வா என்று அனுப்பிவிடும். சொந்தமாக இயக்குதளம் எழுதிப் பார்க்கிற பிள்ளைகள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. திரையில் ஓர் எழுத்தை அச்சிட்டாலே ஃபர்ம்வேர் உள்ளுக்குள் நினைவகம் எடுத்துவிடக்கூடும், வரைபடம் மாறிவிடும்.

இப்போது அந்த ஆறாவது வரி. 16 கிலோபைட். இதுதான் எனக்கு மிகப் பிடித்தது. 2005-ல் இன்டெல் மெய்நிகராக்கத்துக்கென்றே வசதி வைத்த செயலிகளை வெளியிட்டது. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007-ல் லினக்ஸுக்குள் வந்தது. ஆனால் அந்த முதல் தலைமுறைச் செயலிகளுக்கு ஒரு குறை: 8086 காலத்து நிலையில் விருந்தாளிக் கணினியை நேரடியாக ஓட்டத் தெரியாது. ஒவ்வொரு கணினியும் கண்விழிப்பதே அந்த நிலையில்தான். அதனால் 386-க்குள் இருந்த ‘மெய்நிகர் 8086’ என்ற பழைய தந்திரத்தைக் கேவிஎம் கையில் எடுத்தது. அதற்கு விருந்தாளியின் நிலத்திலேயே நாலு பக்கம் வேண்டும். பக்கத்துக்கு 4 கிலோபைட், நாலுக்கு 16. முதலில் அந்த நாலு பக்கம் ஃபர்ம்வேருக்கு நேர் கீழே இருந்தது, ஃபர்ம்வேர் 256 கிலோபைட்டைத் தாண்டாது என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. ஃபர்ம்வேர் 16 மெகாபைட் வரை வளர இடம்விட்டு நாலு பக்கத்தையும் கீழே இறக்கினார்கள். 2010 வாக்கில் வந்த செயலிகளுக்கு இந்தத் தந்திரமே தேவையில்லை. வரி மட்டும் நிற்கிறது.

சமீபத்திய கதையும் ஒன்று உண்டு. ஏஎம்டி செயலிகளில் 1 டெராபைட்டுக்குச் சற்றுக் கீழே, 1012-லிருந்து 1024 ஜிபி வரை, 12 ஜிபியைச் செயலி தன் உள்வேலைக்கு வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய மெய்நிகர் கணினியை யாரும் எழுப்பாத வரை பிரச்சினையில்லை. எழுப்பினார்கள். நினைவகம் அந்தப் பள்ளத்தின் மேல் படர்ந்தது. உண்மையான அட்டை ஒன்றை அந்தக் கணினியிடம் நேரடியாக ஒப்படைத்தால், அட்டை எழுதப் போகும் முகவரி புறம்போக்கில் இருக்கிறதே என்று லினக்ஸ் மறுத்துவிட்டது. 2022-ல் கியூஎமு 7.1 அதற்கு வழிசெய்தது: அப்படிப்பட்ட கணினிகளில் 4 ஜிபிக்கு மேல் தொடரவேண்டிய நினைவகத்தைத் தூக்கி 1 டெராபைட்டில் நட்டார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு டெராபைட் வெற்று முகவரி. 1981-ல் 64 கிலோபைட் பாத்தி கட்டியவர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள்.

*

பேசாமல் விட்ட 320 கிலோபைட்டுக்கு வரலாம்.

1980களின் இறுதியில் 640 என்ற கடல் குட்டையாகிவிட்டது. டாஸ் அதற்குள்தான் மூச்சுவிட்டாகவேண்டும். மேலே 384 கிலோபைட்டில் திரையும் பயாஸும் போக நடுவில் பல குளோன்களில் எதுவுமே இல்லை; முகவரி இருக்கும், நினைவகம் இருக்காது. 386-க்கு ஒரு வித்தை தெரியும். ஒரு முகவரியைக் கேட்டால் வேறெங்கோ இருக்கும் நினைவகத்தைக் கொண்டுவந்து காட்டும். குவார்டர்டெக்கின் கியூஇஎம்எம், 1991-ல் டாஸ் 5-உடன் வந்த இஎம்எம்386 போன்றவை இதை வைத்து அந்த வெற்று முகவரிகளில் நினைவகத்தை ஒட்டின. சுட்டெலி இயக்கி, அச்சுப்பொறி இயக்கி என்று சின்னச் சின்ன நிரல்கள் அங்கே குடியேறின. யாருக்கும் பட்டா கிடையாது. இங்கே ‘ஸ்தீங்கான்’ என்போமே, அரசாங்க நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்ட குடும்பங்கள், அந்த மாதிரி.

தமிழும் அங்கே குடியேறியது. யூனிகோடு முதல் பதிப்பு 1991-ல் வந்தாலும் சாதாரணக் கணினியில் அது நுழையப் பல ஆண்டு ஆனது. அதுவரை தமிழ் என்பது வெளியிலிருந்து வந்த விருந்தாளி. 1984-ல் வந்த ஈஜிஏ திரை அட்டையில் எழுத்து வடிவங்களை மாற்றி ஏற்றலாம். 256 இடங்களில் மேல் பாதியில் தமிழை வைத்தார்கள். வேறு சிலர் வரைகலை முறையில் ஒவ்வோர் எழுத்தையும் வரைந்தார்கள். விசையை இடைமறித்து ‘அ’ ஆக்கும் சின்ன நிரல் ஒன்று எப்போதும் நினைவகத்தில் தங்கியிருக்கும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். ஒவ்வொன்றிலும் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது வேறு வேறு. தமிழ்க் கணிமையின் வரலாற்றைக் குறியேற்றச் சண்டையின் வரலாறாகவே நாம் எழுதிவருகிறோம். எழுத்துகள் எந்த முகவரியில் குடியிருந்தன என்பதை யாரும் எழுதவில்லை என்பது என் சின்ன மனக்குறை.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வாத்தியார் என்றால் ஊருக்கே தெரியும். 90களில் பாலிக் புலாவைச் சுற்றிக் கித்தா, கிராம்பு, சாதிக்காய்த் தோட்டங்களில் வேலைசெய்த முதியவர்களிடம் பேசி, வீட்டுக்கு வந்து கணினியில் தட்டி வைத்திருந்தார். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த லயத்தில் இருந்தார்கள், நாள் சம்பளம் எவ்வளவு, ஜப்பான்காரன் காலத்தில் என்ன ஆனது, எல்லாம். பேசியவர்களில் அநேகமாக யாரும் இன்று இல்லை. தோட்டங்களும் இல்லை, டுரியானும் வீட்டுமனையும் ஆகிவிட்டன. கணினியின் தாய்ப்பலகை செத்துவிட்டது. வன்தட்டு மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது.

“இது யாருக்கும் வேணாம்னா சொல்லிடும்மா, தூக்கிப் போட்டுடலாம். சும்மா டின்னை அடைச்சிக்கிட்டு கெடக்கு” என்று கொடுத்தார். அப்படிச் சொல்லிவிட்டு டின் மூடியைத் தன் கையிலேயே வைத்திருந்தார்.

தட்டு நல்லபடியாகப் படித்தது. கோப்புகள் இருந்தன, ஆனால் அந்தச் சொல்செயலி தன் சொந்தக் குறியேற்றத்தில், சொந்த வடிவத்தில் சேமித்தவை. அந்த மென்பொருளே ஓடினால்தான் படிக்கமுடியும். தட்டின் பிரதியை எடுத்து, 16 மெகாபைட் கொடுத்து மெய்நிகர் கணினியை எழுப்பினேன். டாஸ் எழுந்தது. ஹைமெம் என்று ஒரு வரி வந்தது. அடுத்து இஎம்எம்386. அதோடு நின்றது. விசை வேலை செய்யவில்லை, திரையில் அசைவில்லை.

டாஸ் 6-ல் எழும்போது எஃப்5 அழுத்தினால் அமைப்புக் கோப்பைத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் கணினி நன்றாக ஓடியது. ஆனால் தமிழ்ச் சொல்செயலி நினைவகம் போதவில்லை என்று மறுத்தது. எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாகப் போனால் ஒவ்வொரு முறையும் அதே இடம். அமைப்புக் கோப்பைத் திறந்தேன். இஎம்எம்386 வரியின் வாலில் யாரோ ஒரு கட்டளையைச் சேர்த்திருந்தார்கள்: 896 முதல் 960 கிலோபைட் வரை உள்ள பாத்தியையும் கேட்காமல் எடுத்துக்கொள். வாத்தியாரிடம் கேட்டேன். “ஜார்ஜ் டவுன்லேருந்து ஒரு சீனப் பையன் வருவான் ரிப்பேருக்கு. எடம் பத்தலன்னு தமிழ் வரமாட்டேங்குதுன்னேன். ஏதோ ஒரு வரி அடிச்சான். வந்துருச்சு.”

அந்தப் பையன் செய்தது சரி. அவன் முன்னால் இருந்த கணினியில் அந்தப் பாத்தி காலி. 1984-ல் ஐபிஎம் ஏடி அந்த 64 கிலோபைட்டைக் கூடுதல் ஃபர்ம்வேருக்கென்று வைத்திருந்தது. பல குளோன்கள் அதை நிரப்பவே இல்லை. ஆனால் மெய்நிகர் கணினியில் நிலைமை வேறு. கியூஎமுவின் பயாஸ் சீபயாஸ். 2008-ல் எழுதத் தொடங்கிய, இன்றைய தலைமுறை நிரல். அது தன் நிரலை உச்சியில் 64 கிலோபைட்டில் வைத்துக்கொண்டு, வேலை செய்யும்போது தேவைப்படும் தற்காலிக அடுக்கையும் சில குறிப்புகளையும் அதற்கு நேர் கீழே உள்ள பாத்தியில் வைக்கிறது. அதே பாத்தி.

சந்தேகத்தை உறுதி செய்வது கஷ்டமாக இல்லை. சீபயாஸ் தன் நாட்குறிப்பை 402 என்ற துறை வழியாக வெளியே சொல்லும். அதைக் கோப்பில் பிடித்தால் எழும்வரை எல்லாம் சுத்தம். கணினி உறைந்த பிறகு கியூஎமுவின் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து பக்க அட்டவணையைப் பார்த்தேன். 896 கிலோபைட் முகவரியைக் கேட்டால் 1 மெகாபைட்டுக்கு மேல் எங்கோ உள்ள வெறும் பக்கம் வந்தது. இஎம்எம்386 சொன்னபடி ஒட்டிவிட்டிருந்தது. அதற்கடுத்த வட்டு அழைப்பில் பயாஸ் தன் அடுக்கு எங்கே என்று குறித்துவைத்த இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. அங்கே அந்நியக் குப்பை. அதை முகவரி என்று நம்பிக் குதித்துவிட்டது.

யாரிடமும் தவறில்லை என்பதுதான் இந்த மாதிரி விவகாரங்களில் எரிச்சல். பட்டியல் அந்த 320 கிலோபைட்டைப் பற்றிப் பேசவில்லை. ஃபர்ம்வேர் பேசாமல் குடியிருந்தது. பேசியிருந்தாலும் பயனில்லை. வாத்தியாரின் அமைப்பில் அந்தப் பாத்தி கட்டளையாகவே எழுதப்பட்டிருந்தது. இஎம்எம்386 எந்தப் பட்டியலையும் கேட்கப் போவதில்லை. நிலத்துக்கு ‘கெரான்’ இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே இடத்தில் இருபது வருஷ இடைவெளியில் வீடு கட்டியதுபோல.

அந்தப் பாத்தியை விலக்கு என்று வரியை மாற்றினேன். கணினி எழுந்தது. ஆனால் இப்போது தமிழ் நிரலுக்கு மேலே இடமில்லை. 800 சொச்சத்திலிருந்து 896 வரை ஏறக்குறைய 96 கிலோபைட் இருக்கவேண்டும். அதிலும் ஒரு துண்டு போயிருந்தது. பார்த்தால் மெய்நிகர் வலையமைப்பு அட்டை, வலை வழியே எழும்புவதற்கான தன் ஃபர்ம்வேரை அங்கே இறக்கிவைத்திருந்தது. 90களின் தோட்டத்து நேர்காணலுக்கு வலையமைப்பு எதற்கு? அட்டையைக் கழற்றினேன். சீடி இயக்கியையும் எடுத்தேன். சுட்டெலியைக் கீழே இறக்கினேன். நாலாவது முயற்சியில் திரை ஒரு தரம் கறுத்து, நீல நிறத்தில் திரும்பி வந்தது. மேல் வரியில் தமிழில் ‘கோப்பு’.

வாத்தியாரைக் கூப்பிட்டேன். அவர் நின்றபடியே படித்தார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இந்த அம்மா பேசறப்ப வெத்தல இடிச்சிக்கிட்டே பேசும். அந்தச் சத்தம்தான் இப்ப கேக்குது” என்றார்.

மீதி வேலை அலுப்பூட்டுவது. கோப்புகளை அச்சுப்பொறிக்கு அனுப்பவைத்து, மெய்நிகர் கணினியின் அச்சுத் துறையை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டேன். ஒவ்வோர் எண்ணுக்கும் எழுத்து என்ன என்று திரையைப் பார்த்து நானும் வாத்தியாரும் அட்டவணை போட்டோம். அந்த மென்பொருள் பார்வை வரிசையில் சேமித்திருக்கிறது, ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடுக்கு மாற்றும்போது மூன்றையும் இடம் மாற்றவேண்டும். எழுத்துகள் எல்லாம் வந்துவிட்டன. ஒரே ஓர் எண் மட்டும் எந்த எழுத்துக்கும் பொருந்தவில்லை. திரையில் அது ஒரு சின்ன வட்டமும் குறுக்குக் கோடும். சம்பளம் வரும் இடங்களில் எல்லாம் வந்தது. வாத்தியார் வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘வெள்ளி’ என்று ஒவ்வொரு தடவையும் தட்ட அலுப்பாக இருந்ததால் அந்தப் பையனிடம் சொல்லி ஒரு குறி போடச் சொன்னதாக ஞாபகப்படுத்தினார். யூனிகோடில் அதற்கு இடமில்லை. இப்போதைக்கு அந்த இடங்களில் எல்லாம் ‘வெள்ளி’ என்று எழுத்தாலேயே மாற்றி வைத்திருக்கிறோம்.